நாலு பேர் வந்த வண்டி

சலங்குத்தீவுக்குப் போகிற கல்பாதை ஒரு நாளில் இரண்டு முறை கடலுக்குள் முழுகி இரண்டு முறை வெளியே வரும். அப்படி அது வெளியே வந்து, கல்லில் ஒட்டிய பாசி காய்வதற்குள், ஒரு பங்குனி மாதத்துக் காலையில், கரூர் நம்பர் போட்ட வீட்டு வண்டி ஒன்று ஆடி ஆடி அதன்மேல் வந்து, தீவின் வாயிலில் குறுக்கே கட்டியிருந்த சங்கிலிக்கு முன்னால் நின்றபோது, சங்கிலிக்காரர் இன்னாசி தன் சோழிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறி, உள்ளே இருந்த மூன்று பேரின் தலையையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, தலைக்கு ஒரு சோழி கிண்ணத்தில் போட்டு, பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். நாலு சோழி இருந்தது.

அவர் திரும்ப எண்ணினார். திரும்பவும் நாலு.

“எத்தனை ஆளு வந்திருக்கீங்க?” என்று கேட்டார்.

“மூணு பேருங்க. நானு, சம்சாரம், புள்ள” என்றான் வண்டியை ஓட்டி வந்த நல்லசிவம்.

“நாலு வருதே.”

“எண்ணிக்குங்களேன், கண்ணு முன்னாலதான நிக்கறோம்.”

“கண்ணு கிடக்கட்டும். நீங்களே போடுங்க” என்று இன்னாசி கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தார். நல்லசிவம் கரூரில் பஸ் பாடி கட்டுகிறவன், நாற்பதடி நீளத்தில் ஒரு நூல் பிசகினாலும் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிற கை அவனுடையது. அந்தக் கையால் அவன் தன் தலைக்கு ஒன்று, மனைவி தலைக்கு ஒன்று, மகள் தலைக்கு ஒன்று என்று போட்டுக் கவிழ்த்தான். நாலுதான் விழுந்தது. கேஸ் அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி வசந்தாமணி அந்த நாலு சோழியையும் பார்த்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, படுக்கையின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள். பெற்ற மனம் பித்து என்பார்கள்; நாலாவது சோழி யாருடையது என்று அந்தப் பித்துக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்னாசி நோட்டில் ‘நாலு’ என்று எழுதிச் சங்கிலியை இறக்கினார். அவர் முகத்தில் வியப்பு எதுவும் இல்லை. அன்றைக்கு வெயில் கொஞ்சம் அதிகம் என்பதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அந்த நாலாவது தலைக்கு உரியவன் பெயர் முகில். இரண்டு வருடத்துக்கு முன்னால், நல்லசிவத்தின் அக்கா மகன் கல்யாணத்துக்கு இரண்டு வேன் பேசிக்கொண்டு சொந்தபந்தமெல்லாம் கிளம்பிப் போய், திரும்பும் வழியில் காவிரிப் படித்துறை ஒன்றில் வண்டியை நிறுத்திக் கைகால் நனைத்து, கட்டுச்சோறு தின்று, மறுபடி ஏறினார்கள். கல்யாணக் கூட்டத்துப் பிள்ளைகள் எந்த வண்டியில் எந்த மடியில் உட்காரும் என்று யார் கண்டது. டிரைவர் எல்லாரும் ஏறியாச்சா என்று கேட்டபோது நல்லசிவம், “முகிலு எங்க?” என்றான், வசந்தாமணி, “அந்த வண்டீல இருப்பான், அத்தை மடீல. எல்லாரும் ஏறியாச்சு, எடுக்கச் சொல்லுங்க” என்றாள். அந்த வண்டியில் இருந்த அத்தை, அவன் இந்த வண்டியில் அம்மா மடியில் இருப்பதாக நினைத்துக்கொண்டாள். முப்பது மைல் வந்து டீக்கடையில் இறங்கிய பிறகுதான் இரண்டு மடியும் காலி என்பது தெரிந்தது. அவன் தண்ணீரில் விட்ட ஒற்றைச் செருப்பை எடுக்கத் திரும்பிப் போயிருந்தான். அவனுக்கு எட்டு வயது.

மூன்றாம் நாள் ஆற்றிலிருந்து எடுத்து அவனைக் கொண்டுவந்தபோது வசந்தாமணி முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், பார்க்கவும் இல்லை. அதன்பிறகு அந்த வீட்டில் அவளால் இருக்க முடியவில்லை. வாசலில் நின்றால் அவன் வருவான் என்று தோன்றும், உள்ளே போனால் வந்துவிட்டான் என்று தோன்றும். என்ன செய்வது என்று தெரியாத நல்லசிவம் தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தான். பழைய வேன் ஒன்றை வாங்கி, தகடு அடித்து, ஜன்னல் வைத்து, அடுப்பு, தொட்டி, படுக்கை எல்லாம் போட்டு ஒரு வீட்டு வண்டி கட்டினான். லீவு விட்டால் போதும், மூன்று பேரும் கிளம்பிவிடுவார்கள்: கோட்டை, அணை, கலங்கரை விளக்கம், கடல். போகிற இடத்தில் எல்லாம் யாராவது ஒருவர், ஊர்ப் பேரைக் கேட்ட கையோடு, “எத்தனை குழந்தைங்க?” என்று கேட்பார்கள். ஒரே நேரத்தில் நல்லசிவம் ஒன்று என்பான், வசந்தாமணி இரண்டு என்பாள், கேட்டவர் திருதிருவென்று விழிப்பார். மகள் தாரணி அந்த நேரத்தில் எங்காவது வேடிக்கை பார்க்கப் போய்விடுவாள். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது.

சலங்குத்தீவுக்கு அவர்கள் ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தார்கள். பறங்கியர் கட்டிப் பாதியில் விட்ட பவளக்கல் கோட்டை, கடலைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும் நாலு பீரங்கி, பேர் அழிந்துபோன கல்லறைகள், உப்புக் காற்றில் அரித்துப் பாதியாய் நிற்கும் விளக்குக் கோபுரம் என்று தாரணி தன் நோட்டில் பட்டியல் எழுதி வைத்திருந்தாள். பட்டியலில் இல்லாத ஒன்று அந்த ஊரின் எண்ணிக்கைப் பழக்கம்.

ஆறு தலைமுறைக்கு முன்னால், பெரும் புயல் ஒன்று வரப்போகிறது என்று தெரிந்து ஊர் மொத்தமும் வள்ளம் ஏறிக் கரைக்குப் போனபோது, பெரியவர்கள் ஒரு சுற்றுக் கண்ணை ஓட்டி எல்லாரும் வந்தாச்சு என்று சொல்லிக் கயிற்றை அவிழ்த்தார்களாம். உப்புக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த, வாய் பேசாத, கிழிந்த வலையைப் பொத்துகிற மனிதன் ஒருவன் விடுபட்டுப் போனான். புயல் ஓய்ந்து வந்து பார்த்தபோது அவன் இருக்கவில்லை. அன்றிலிருந்து அந்த ஊரில் கண்ணை யாரும் நம்புவதில்லை. ஊருக்குள் வந்தால் எண்ணுவார்கள், வெளியே போனால் எண்ணுவார்கள், வள்ளம் ஏறினால், பந்தியில் உட்கார்ந்தால், பூசை முடிந்து கோயிலை விட்டு இறங்கினால் எண்ணுவார்கள், எண்ணிக்கை ஒத்துவராமல் ஒரு கயிறும் அவிழாது, ஒரு சங்கிலியும் இறங்காது. இந்த வண்டி வந்த அன்றைக்கு ஊரின் தலை நானூற்றுப் பதினொன்று. கண்ணுக்கும் எண்ணிக்கைக்கும் சண்டை வந்தால் கண்தான் தோற்க வேண்டும் என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆகவே மூன்று பேர் வந்த வண்டியில் நாலு பேர் வந்திருக்கிறார்கள் என்கிற செய்தி, வண்டி கோயில் மைதானத்துப் பூவரச மரத்தடியில் நிற்பதற்குள்ளாகவே ஊர் முழுக்கப் போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. ஆனால் யாரும் அய்யோ என்று வாயில் கை வைக்கவில்லை, எட்டிப் பார்க்க ஓடி வரவில்லை. சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பிரகாசி வந்து, சின்ன ஆளுக்கு என்ன வயது, காரம் தின்பானா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். மத்தியானம் போனால் நாலு இலை போட்டிருந்தது.

“முள்ளு எடுத்து வச்சிருக்கேன், பயப்படாமத் திங்கச் சொல்லுங்க” என்றாள் பிரகாசி.

நாலாவது இலையில் வைத்தது வைத்தபடியே இருந்தது. வசந்தாமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புது ஊரு, மொத நாளு. புள்ளைக அப்படித்தான், நாளைக்குச் சாப்புடும்” என்று பிரகாசி இலையை மடித்துக் கோழிக்குப் போட்டாள். வசந்தாமணிக்கு அந்த ‘நாளைக்கு’ என்ற சொல் அன்று முழுக்கத் தொண்டையில் இனித்துக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் இரண்டானது, இரண்டு நாலானது. பங்குச்சாமி வந்து, பையனுக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கிறதா என்று விசாரித்து, நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள் என்று நல்லசிவம் சொன்னதும், சரி, அப்படியென்றால் கோயில் ஏட்டில் வேண்டாம், கோயில் அசன விருந்துக்கு மட்டும் ஒரு பிடி அரிசி கூடப் போடச் சொல்கிறேன் என்று போனார். ஒற்றை வாத்தியார் பள்ளிக்கூடத்தில், வருகைப் பதிவேட்டில் எழுதினால் மேலே கேள்வி வரும் என்பதால் வாத்தியார் பெயரை எழுதவில்லை. ஆனால் தலை எண்ணும்போது ஒன்று கூட வந்ததால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பலகையில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார். பூச்சி மாத்திரை கொடுக்க வந்த நர்ஸம்மா ஒரு மாத்திரையைக் கூடுதலாக வைத்துவிட்டு, வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டாம் என்றார்.

மைதானத்தில் விளையாடுகிற பையன்கள் ஒன்பது பேர், அணி பிரித்தால் ஒருத்தன் எப்போதும் வெளியே நிற்பான். இப்போது சரியாகப் பத்து ஆகிவிட்டது. ஆறாம் நாள் சாயங்காலம் வண்டிக்கு வெளியே பெரிய கூச்சல் கேட்டு வசந்தாமணி எட்டிப் பார்த்தபோது, பையன்கள் அவளிடம் நியாயம் கேட்டு வந்து நின்றார்கள்.

“உங்க முகிலு அவுட்டு அக்கா. ஒத்துக்கவே மாட்டேங்குறான்!”

“அவன் எப்பவுமே அப்படித்தான்டா, அழுகுணி ஆட்டம் ஆடுவான்” என்றாள் வசந்தாமணி, சொல்லிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு வருடமாக அவள் பிள்ளையைப் பற்றி வந்தவர்கள் எல்லாம் தங்கம் என்றார்கள், தெய்வத்திடம் போய்விட்டான் என்றார்கள். ஒருத்தராவது அவன்மேல் ஒரு புகார் சொன்னதில்லை. அவள் சந்தோஷத்தில்தான் அழுதாள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது நல்லசிவம் மெதுவாகச் சொன்னான்: “பட்டறைல இருந்து போன் மேல போனு. தாரணிக்கும் பரீட்சை வருது. நாளைக்குக் கெளம்பலாமா?”

“நான் வரலீங்க.”

“வசந்தா...”

“இங்கதான் நாம நாலு பேரு. அந்தக் கல்லத் தாண்டுனா மூணாயிருவோம். நீங்க போறதுன்னாப் போங்க. நான் இனி ஒருக்கா அவன விட்டுட்டு வண்டி ஏற மாட்டேன்.”

நல்லசிவமும் யாரும் பார்க்காத நேரத்தில் சோழிக் கிண்ணத்தை இரவல் வாங்கி எண்ணிப் பார்த்தவன்தான். அவனுக்கும் அந்த நாலு வேண்டியிருந்தது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வண்டிச் சக்கரத்தில் ஒன்றும் இல்லாத பழுதைத் தேடிக் குனிந்துகொண்டான்.

இந்தப் பேச்சு நடந்தபோது தாரணி மேல் படுக்கையில் இருந்தாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தீவுக்கு வந்த நாளிலிருந்து அவள் தலையை அவளே பின்னிக்கொண்டாள், வகிடு கோணலாக வந்தது, வசந்தாமணி அதைக் கவனிக்கவில்லை. கோட்டையின் பீரங்கி வாய்க்குள் குருவி கூடு கட்டியிருக்கிறது, வா காட்டுகிறேன் என்று மூன்று நாளாக அம்மாவைக் கூப்பிட்டாள். “தம்பியக் கூட்டிட்டுப் போயிக் காட்டு அம்மிணி” என்று வசந்தாமணி அனுப்பிவிட்டாள். தாரணி தனியாகப் போய், தனியாகப் பார்த்து, திரும்பி வந்ததும், “தம்பிக்குப் புடிச்சிருந்துதா?” என்று வசந்தாமணி கேட்டாள். தாரணி ஒரு நிமிஷம் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “ம்” என்றாள். இரண்டு வருடமாகவே அந்த வீட்டில் அவளுக்கு இதுதான் வேலை, ம் சொல்வது.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தீவுக்குத் தெற்கே, கோட்டையின் உடைந்த காவல் மதில் ஒன்று கடலுக்குள் தனியாக நிற்கிற மணல்திட்டு இருக்கிறது. வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரில் பாதிப் பேர் இரண்டு வள்ளத்தில் அங்கே போய், பொங்கித் தின்று, சிப்பி பொறுக்கி, கடல் ஏறுவதற்குள் திரும்பி வருவது வழக்கம். வண்டிக் குடும்பத்தையும் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். நல்ல வெயில், நல்ல காற்று, நெத்திலிக் குழம்பு. வசந்தாமணி அன்றைக்குச் சிரித்துப் பேசியதைப் பார்த்து நல்லசிவத்துக்கே கூச்சமாக இருந்தது. மூன்று மணிக்குத் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் எல்லாரும் வள்ளத்தில் ஏறினார்கள். வள்ளக்காரர் மிக்கேல் வழக்கம்போலக் குடும்பம் குடும்பமாகத் தலை தொட்டுச் சோழி போட்டுக்கொண்டு வந்தார்.

“வண்டிக்காரக் குடும்பத்துல ஒண்ணு குறையுது. மூணுதான் இருக்கு” என்றார்.

“முகிலு! முகிலக் காணோமுங்க!” என்று வசந்தாமணி வள்ளத்திலிருந்து குதித்தாள். “இறங்குங்க, எல்லாரும் இறங்குங்க, எம் பையன் நின்னுட்டான்!”

“தாரணி எங்க?” என்றான் நல்லசிவம்.

“அவ அந்த வள்ளத்துல இருப்பா. நீங்க முகிலப் பாருங்க!”

எண்ணிக்கை குறைந்தால் அந்த ஊரில் ஒரு கேள்வி கிடையாது. இருபது முப்பது பேர் முழங்கால் தண்ணீரில் இறங்கி, முகிலு, முகிலு என்று கூவிக்கொண்டு மணல்திட்டு முழுக்கப் பரவினார்கள். பிரகாசி கூவினாள், வாத்தியார் கூவினார், அழுகுணி ஆட்டம் என்று சண்டை போட்ட பையன்கள் தொண்டை கிழியக் கூவினார்கள். வசந்தாமணி எல்லாருக்கும் முன்னால் ஓடினாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் படித்துறையில் ஓட வேண்டிய ஓட்டத்தை இப்போது ஓடினாள். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

மிக்கேல் மட்டும் நின்ற இடத்தில் நின்று, மற்ற வள்ளத்தைப் பார்த்துக் கையைக் குவித்துக் கேட்டார். அங்கிருந்து பதில் வந்தது. அவர் நிதானமாக நடந்து வந்து வசந்தாமணியின் தோளைத் தொட்டார்.

“தாயி, ஒம் மக அந்த வள்ளத்துல இல்ல.”

வசந்தாமணி நின்றாள். ஓடிக்கொண்டிருந்த கால் நின்றது, கூவிக்கொண்டிருந்த வாய் நின்றது. மூன்று சோழியில் ஒன்று தன்னுடையது, ஒன்று நல்லசிவத்தினுடையது, இன்னொன்று தன்னை விட்டு எங்கும் போகாத அவனுடையது என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த வள்ளத்தில் இருப்பாள் என்று எந்த வாயால் சொன்னோம் என்று நினைத்தபோது அந்த வாயைக் கல்லில் மோதிக்கொள்ளத் தோன்றியது. “தாரணி” என்று கூப்பிடப் பார்த்தாள், சத்தம் வரவில்லை. நல்லசிவம் மதிலை நோக்கி ஓடியிருந்தான், அவளும் பின்னால் ஓடினாள்.

தாரணி மதிலுக்கு அந்தப் பக்கம், இடுப்பளவு தண்ணீரில், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தாள். பாவாடையில் கட்டிய சிப்பிகளைக் கையால் பிடித்திருந்தாள். அழவில்லை.

“ஏன் அம்மிணி, இத்தன பேரு கூப்படறது கேக்கலியா?” என்று நல்லசிவம் கத்தினான், கத்தினபடியே அவளைத் தூக்கினான்.

“கேட்டுதுப்பா.”

“கேட்டா ஒரு கொரல் குடுக்க மாட்டியா?”

“என்னைய யாரும் கூப்படலியே. அவனத்தான கூப்டாங்க” என்றாள் தாரணி. குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. மணி என்ன என்று கேட்டால் சொல்கிற குரல். திரும்பும் வழியெல்லாம் வசந்தாமணி தாரணியின் ஈரத் தலையை அவிழ்த்துத் துவட்டி, சிக்கெடுத்து, இறுகப் பின்னி, பின்னியது சரியில்லை என்று அவிழ்த்து, மறுபடி பின்னினாள்.

மறுநாள் விடிந்து கல்பாதை வெளியே வந்ததும், “வண்டிய எடுங்க” என்று அவள்தான் சொன்னாள். நல்லசிவம் அவள் முகத்தைப் பார்த்தான். “இருக்கறவள விட்டுட்டுப் போயிருப்பேனுங்க நேத்து. இனி இங்க இருந்தா இன்னொருக்கா விட்டுருவேன்” என்றாள்.

சங்கிலியடியில் இன்னாசி கிண்ணத்தோடு ஏறி மூன்று தலையையும் தொட்டார். கவிழ்த்தார். மூன்று.

மூன்று பேரும் அந்தச் சோழிகளைப் பார்த்தார்கள். இன்னாசி நோட்டைப் புரட்டினார்.

“நாலு வந்திருக்கு. மூணு போகுது. சின்னவரு நிக்கிறாரா?”

“எங்கீங்க நிக்கறான்?” என்றாள் வசந்தாமணி.

“எங்கன்னு எனக்கு என்ன தெரியும் தாயி. வண்டிக்குள்ள இல்ல, ஊருக்குள்ள நிக்கிறாரு. நிக்கிறவங்க பேர ஏட்டுல எழுதிக் குடுத்தாத்தான் சங்கிலிய இறக்கலாம். பெத்தவங்கதான் எழுதணும்.”

அவர் கொண்டுவந்த ஏடு பெரியது, அட்டை கிழிந்தது. தீவில் தங்கிப்போனவர்கள் பேரெல்லாம் அதில் இருந்தது. பெயர், தகப்பன் பேர், வயது, தங்குவதற்குக் காரணம். கல்யாணம் என்று எழுதியிருந்தார்கள், வாத்தியார் வேலை, வலைத் தொழில், வைத்தியம் என்று எழுதியிருந்தார்கள். இரண்டு வருடமாக எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஆஸ்பத்திரிக்காரரையும் கிராம அலுவலரையும் திருப்பி அனுப்பிய வசந்தாமணி, பேனாவை வாங்கிப் படியில் உட்கார்ந்து, முகில் என்று எழுதினாள். தகப்பன் பேர் நல்லசிவம் என்று எழுதினாள். வயது எட்டு என்று எழுதி, பத்து என்று திருத்தலாமா என்று யோசித்து, எட்டு என்றே விட்டாள். நாலாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

“காரணம்னு இருக்குது அம்மிணி. என்ன எழுதறது?” என்றாள். அந்தத் தீவுக்கு வந்து அவள் தாரணியிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

தாரணி யோசித்தாள். “அவனுக்கு இந்த ஊரு புடிச்சிருக்குதுன்னு எழுதும்மா.”

அப்படியே எழுதினாள். இன்னாசி அதை வாசித்துப் பார்த்துத் தலையாட்டி, ஊரின் தலைக்கணக்கை அடித்து நானூற்றுப் பன்னிரண்டு என்று திருத்தினார். பிறகு சங்கிலி இறங்கியது. கல்பாதையில் வண்டி போகிற வரைக்கும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நல்லசிவத்துக்குக் கண்ணாடியில் பார்க்கப் பயமாக இருந்தது. வசந்தாமணி வாயைப் பொத்திக்கொண்டு, தாரணியின் சடையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கரூரில் சித்திரை போனது, ஆடி போனது. வசந்தாமணி சமைத்தாள், தாரணியின் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டாள், சில நாள் சிரித்தாள், சில நாள் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். யாராவது எத்தனை குழந்தைகள் என்று கேட்டால், “ரெண்டுங்க. பெரியவ வீட்ல இருக்கா, சின்னவன் வெளியூர்ல” என்றாள். நல்லசிவமும் அதையே சொல்லப் பழகிக்கொண்டான். கேட்டவர்கள் ஹாஸ்டலா என்பார்கள். இவர்கள் ஆமாம் என்று விட்டுவிடுவார்கள்.

கார்த்திகை மாதம் புயல் வந்தது. டிவியில் தென்கரை முழுக்கச் சிவப்புப் புள்ளி வைத்துக் காட்டினார்கள், சலங்குத்தீவின் பேரை ஒரு தடவை சொன்னார்கள், பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். இரண்டு நாள் வசந்தாமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊரையே காலி செய்து கூட்டிப் போகிற அவசரத்தில், பதறி ஓடுகிற நானூறு பேர், கண்ணுக்குத் தெரியாத ஒரு பிள்ளைக்காகவா நிற்பார்கள். பெற்றவளே நிற்கவில்லையே என்று நினைத்துக்கொண்டே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்கு, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பின்னால் ஏகப்பட்ட சத்தம், பாத்திரம் உருளுகிறது, குழந்தை அழுகிறது.

“சங்கிலிக்கார இன்னாசி பேசுறேன் தாயி. ஊரு மொத்தமும் கரையேறிட்டோம். இங்க ஒரு பள்ளிக்கூடத்துல தங்க வச்சிருக்காக. நானூத்திப் பன்னெண்டு தலையும் பத்திரம்.”

வசந்தாமணி போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

“ஏறி எண்ணுனப்ப ஒண்ணு குறஞ்சுச்சு. காத்துன்னாக் காத்து, நிக்க முடியல. சர்க்கார் படகுல வந்த அதிகாரி சத்தம் போடுறாரு, இன்னும் யாரு வரணும், எடுங்கங்குறாரு. எட்டு வயசுப் பய, விளையாடப் போனவன் இன்னும் வரலன்னு சொன்னோம். அவரு பாவம், அவரே மழையில இறங்கித் தேடுனாரு. ஊரே கரையில நின்னு பேரச் சொல்லிக் கூப்புட்டோம் தாயி. கொஞ்ச நேரம் ஆச்சு. பெறவு எண்ணுனாச் சரியா இருந்துச்சு. அப்பத்தான் கயித்த அவுத்தோம்.”

இன்னாசி காத்திருந்தார். பின்னால் யாரோ பந்திக்கு எண்ணிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

“ஏனுங்க,” என்றாள் கடைசியில், “பையன் நனஞ்சுட்டானுங்களா?”

“ஒடம்பு நனையல தாயி. பிரகாசி மடியில, தார்ப்பாய்க்குள்ள வச்சுத்தான் கொண்டாந்துச்சு. தலதான் கொஞ்சம் ஈரமாப் போச்சு” என்றார் இன்னாசி. “துவட்டி விட்டாச்சு.”